ஐந்து பேர், ஒரு மேசை, பூண்டு இல்லாமல் ஒரு பீட்சா

சென்னை காசிமேட்டு நண்பனோடு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவில்தான் நாள் பார்க்க வேண்டும். அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அவனுக்கு ஒரு படகில் பங்கு. மற்ற மாதங்களில் அவன் எப்போது கடலில், எப்போது ஏலத்தில், எப்போது தூக்கத்தில் என்று அவன் வீட்டாருக்கே சரியாகச் சொல்ல வராது. தடைக்காலத்தில் ஆள் கிடைப்பான், ஆனால் கையில் காசு இருக்காது. இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எங்களுக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

நாங்கள் ஐந்து பேர். தண்டையார்பேட்டையில் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஒருவன் இப்போது அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், அதனால் எங்களுக்கும் அவன் 'வாத்தியார்'தான். ஒருவன் மண்ணடியில் இரும்புக் கடை வைத்திருக்கிறான், ஐந்து வேளைத் தொழுகை தவறாதவன். ஒருவன் சௌகார்பேட்டை, ஜைனக் குடும்பம். தாத்தா காலத்தில் ராஜஸ்தானிலிருந்து வந்தவர்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, முட்டை எதுவும் கிடையாது. நான் ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை செய்கிறேன், எதையும் சாப்பிடுவேன்.

போன வருஷம் மே மாதம் நகரத்தின் தென்பக்கம் ஒரு பெரிய இத்தாலிய உணவகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். ராத்திரி எட்டு மணி. சௌகார்பேட்டைக்காரன் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடும் வழக்கமில்லை, எங்களுக்காக வந்தான். மெனு கார்டில் பச்சைப் புள்ளி இருந்ததைப் பார்த்து ஒரு தக்காளி சூப் சொன்னோம். இரண்டு ஸ்பூன் குடித்த பிறகுதான் அவனுக்குப் பூண்டு தட்டுப்பட்டது. ஒன்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை மெதுவாக நகர்த்தி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தான். மண்ணடிக்காரன் கோழி ஹலாலா என்று கேட்டதற்கு சர்வர், "இருக்கும் சார்" என்றார். இருக்கும் என்பதை நம்பி எப்படிச் சாப்பிடுவது? அவன் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டான்.

பில் 7,000 ரூபாய் வந்தது. ஆளுக்கு 1,400 என்று நான்தான் கணக்குச் சொன்னேன். காசிமேட்டு நண்பன் பர்ஸை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு எண்ணினான். இரண்டு துண்டு பீட்சா சாப்பிட்டவன், தொழில் இல்லாத மாதத்தில் 1,400 ரூபாய் எடுத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகு டீக்கடையைத் தாண்டி எங்கே கூப்பிட்டாலும், "நீங்க போய்ட்டு வாங்கடா" என்பான். மேசைக்குக் கீழே எண்ணிய அந்தக் கை எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த முறை பணத்திலிருந்துதான் ஆரம்பித்தோம். ஜூலையிலிருந்து ஆளுக்கு மாதம் 200 ரூபாய் வாத்தியாரிடம் கட்டுவது. சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலமும் இல்லை, கழிவும் இல்லை. படகு ஓடும் மாதங்களில் 200 ரூபாய் யாருக்கும் பெரிதில்லை. ஏப்ரல் முடிய பத்து மாதம், கையில் 10,000 ரூபாய். மே மாதத்தில் யாரும் பர்ஸைத் தொட வேண்டியதில்லை.

மண்ணடிக்காரன் முதலில், "எதுக்குடா இதெல்லாம், நான் குடுத்துடறேன்" என்றான். மனதார சொல்கிறவன்தான். ஆனால் ஒருவன் வாங்கிக் கொடுக்க மற்றவன் சாப்பிட்டால், சாப்பிட்டவன் மெனு கார்டில் விலை குறைந்ததாகத் தேடுவான். நான் பல மேசைகளில் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே போட்டு வைத்த பணத்தில் சாப்பிட்ட அன்றைக்கு எங்கள் காசிமேட்டுக்காரன், "இன்னொரு பிளேட் சொல்லு மச்சான்" என்று கையை உயர்த்திச் சொன்னான். அதைக் கேட்கத்தான் பத்து மாதம் சேர்த்தோம்.

அடுத்தது இடமும் நேரமும். புது வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு மாடியில் சின்னதாக ஓர் இத்தாலிய உணவகம் இருப்பதை வாத்தியார் கண்டுபிடித்தான். மொத்தம் எட்டு மேசை. டி.எச். ரோட்டில், அதாவது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், வண்டி நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும், அதனால் மெட்ரோவில் வருவது என்று முடிவு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் விட்ட பிறகு எங்கள் பக்கம் இப்படி ஒரு சௌகரியம் வந்திருக்கிறது. மண்ணடிக்காரனும் சௌகார்பேட்டைக்காரனும் மண்ணடியில் ஏறி, நிம்மதியாக வந்து இறங்கினார்கள். நேரம் மதியம் பன்னிரண்டரை, அதுவும் செவ்வாய்க்கிழமை. பொழுது சாயும் பிரச்சினையும் இல்லை, சமையல்கட்டில் கூட்டமும் இல்லை. நம் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருக்கும்.

இரண்டு நாள் முன்னாலேயே நான் போன் செய்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு. மதியக் கூட்டம் முடிந்து ராத்திரிக் கூட்டம் தொடங்காத நேரம் அது. போனை எடுத்தவரிடம், "சமையல் பண்றவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்" என்றேன். வந்தது வியாசர்பாடிப் பையன் ஒருவன், கேட்டரிங் படித்தவன். இந்தப் பத்து நிமிஷப் பேச்சுதான் அன்றைய சாப்பாட்டையே காப்பாற்றியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"சைவமா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பெயரைச் சொல்லிக் கேட்பதைவிடப் பொருளைச் சொல்லிக் கேட்க வேண்டும். தக்காளி சாஸில் வெங்காயம், பூண்டு உண்டா? அதை இப்போது செய்வீர்களா, காலையிலேயே செய்து வைத்ததா? பையன் உடைத்துச் சொன்னான். "பாஸ்தாவுக்கு அடிச் சாஸ் காலையிலேயே காய்ச்சிடுவோம் அண்ணா. வெங்காயம், பூண்டு ரெண்டும் இருக்கும். பிறகு எடுக்க முடியாது. ஆனா மார்கரிட்டா பீட்சாவுக்குச் சாஸ் காய்ச்சறதே இல்ல. தக்காளியைப் பிசைஞ்சு உப்பு போடுவோம், அவ்வளவுதான்."

இத்தாலியில் நேப்பிள்ஸ் ஊர் முறையே அதுதான். மார்கரிட்டா என்றால் பிசைந்த தக்காளி, மொசரெல்லா, துளசிக்குச் சொந்தக்கார பேசில் இலை, ஆலிவ் எண்ணெய். பூண்டுக்கு அதில் இடமே இல்லை. ஆனால் நம் ஊரில் பல கடைகளில் எல்லா பீட்சாவுக்கும் ஒரே பூண்டு சாஸைத் தடவுகிறார்கள், அதனால் கேட்காமல் நம்பக் கூடாது. ஜைன நண்பர் கூட வந்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி சீஸ். அசல் பார்மிஜானோ ரெஜியானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். இத்தாலியில் அதற்கு விதியே அப்படி. பால்தானே என்று நினைத்து சாப்பிடுகிற நம் சைவக்காரர்கள் பலருக்கு இது தெரியாது. நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதியில் செய்த சீஸும் கிடைக்கிறது. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். பையன் போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தான். மொசரெல்லாவில் இருந்தது. மேலே துருவிப் போடும் சீஸ் வெளிநாட்டுச் சரக்கு, அதில் இல்லை. "அப்ப அந்த ஒரு பீட்சாவுக்கு மேல துருவாதே தம்பி" என்றேன். "சரிண்ணா."

மூன்றாவது முட்டை. காய்ந்த ஸ்பகெட்டி, பென்னே எல்லாம் பெரும்பாலும் டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். கடையிலேயே பிசைந்து செய்யும் ஃப்ரெஷ் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். கார்பொனாரா என்றால் சாஸே முட்டைதான்.

மண்ணடிக்காரனுக்காக வேறு கேள்விகள். கோழி எங்கே வாங்குகிறீர்கள்? ஹலால் சான்றிதழ் இருந்தால் அன்றைக்குக் காட்ட முடியுமா? சமையலில் ஒயின் ஊற்றுவது உண்டா? ரிசோட்டோ என்ற அரிசிச் சாப்பாட்டில் அரிசியை வறுத்ததும் வெள்ளை ஒயின் ஊற்றுவது இத்தாலிய வழக்கம். பெப்பரோனி, ஹாம், சலாமி என்கிற கறி வகைகள் எந்த இறைச்சியில் செய்தது? திராமிசு என்ற காபி இனிப்பில் மது கலக்கிறார்களா? பனகோட்டா என்ற பால் இனிப்பை உறைய வைக்கும் ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது, அது அவனுக்கும் சந்தேகம், சௌகார்பேட்டைக்காரனுக்கும் ஆகாது. பையன் தங்கள் சமையல்கட்டில் மதுவே கிடையாது, பன்றியும் கிடையாது என்றான். சான்றிதழைத் தானே எடுத்து வைப்பதாகச் சொன்னான்.

இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் நண்பன் வாயைத் திறந்து கேட்கக் கூச்சப்படுவான் என்பதால்தான் நாம் கேட்க வேண்டும். அவன் மேசையில் உட்கார்ந்தபின் நாலு பேர் முன்னால் தன் வீட்டு வழக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் ஏன் வர வேண்டும்?

செவ்வாய்க்கிழமை போய் உட்கார்ந்ததும் சர்வர் தம்பி ஒரு தாளை நீட்டினான். கோழிக்கடைச் சான்றிதழின் நகல். மண்ணடிக்காரன் அதைப் படித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, தோளில் ஒரு தட்டு தட்டினான்.

ஆர்டரை மொத்தமாகச் சொல்லாமல் தவணையாகச் சொன்னோம். பீட்சாவும் பாஸ்தாவும் ஆறினால் ஆளை மாற்றிவிடும். சீஸ் இறுகும், பாஸ்தா ஒட்டிக்கொள்ளும். இரண்டு இரண்டாக வரவழைத்து, சூடாக இருக்கும்போதே பிட்டுப் பகிர்ந்துகொள்வது நல்லது. இத்தாலியில் ஆளுக்கொரு பீட்சாவை முழுசாக வைத்துச் சாப்பிடுவார்களாம். நமக்குப் பகிர்ந்தால்தான் ருசி. முதலில் ப்ருஸ்கெட்டா, சுட்ட ரொட்டியில் தக்காளி. ரொட்டியில் பூண்டைத் தேய்ப்பது வழக்கம், ஒரு துண்டில் மட்டும் தேய்க்காமல் தனித் தட்டில் கொண்டுவந்தார்கள்.

மார்கரிட்டா வந்ததும் வாத்தியார் ஓரத்தைத் தொட்டு, "கருகியிருக்கே" என்றான். விறகு அடுப்புப் பீட்சாவில் அந்தக் கரும்புள்ளிகள் இருக்கத்தான் வேண்டும். 450 டிகிரி பக்கம் சூடு, ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடும், ஓரம் உப்பி அங்கங்கே கருக்கும், நடுவில் ஈரமாக நெகிழ்ந்திருக்கும். நேப்பிள்ஸ் பீட்சா சுடும் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நடுப்பகுதி தொங்குகிறதே என்று ஃபோர்க்கோடு போராட வேண்டாம். மடித்துக் கையால் சாப்பிடலாம், அந்த ஊரிலேயே நடந்துகொண்டே நாலாக மடித்துச் சாப்பிடுகிறார்கள். சௌகார்பேட்டைக்காரன் முதல் துண்டை மடித்துக் கடித்தான். மென்றான். "பூண்டு இல்ல" என்றான். பிறகு அடுத்த துண்டை எடுத்தான். அதற்கு அடுத்ததையும்.

காசிமேட்டுக்காரன் மெனு கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு சர்வரைக் கூப்பிட்டான். "தம்பி, இந்தக் கலமாரின்னு போட்ருக்கியே, கடம்பாதானே, அதான் கணவாய்? எங்கருந்து வருது?"

"ஃப்ரோசன் வளையம் அண்ணா."

"அப்ப வேணாம். இறால் போட்டு எதாவது சொல்லு."

எங்களுக்கு விளக்கினான். மே மாதம் நம் பக்கம் விசைப்படகு ஓடாது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருவது போக, மற்றது கேரளாப் பக்கமிருந்து லாரியில் வரும். அங்கே தடைக்காலம் ஜூன் இரண்டாவது வாரத்தில்தான் தொடங்கும், ஜூலை 31 வரை. இறால் பெரும்பாலும் பண்ணையில் வளர்ப்பது, அதற்குத் தடைக்காலம் கிடையாது. அதனால் இந்த இரண்டு மாதத்தில் வெளியே சாப்பிட்டால் இறாலை நம்பலாம் என்றான். எந்த உணவகத்திலும் கடல் உணவு சொல்வதற்கு முன்னால் இன்றைக்கு எது புதுசு என்று ஒரு கேள்வி கேட்பது அன்றிலிருந்து எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வந்தது அலியோ ஒலியோ ஸ்பகெட்டி, இறாலோடு. அலியோ என்றால் பூண்டு, ஒலியோ என்றால் எண்ணெய். அவ்வளவுதான் சமாச்சாரம். மெல்லிசாகச் சீவிய பூண்டு பொன்னிறத்தில் ஓரம் சுருண்டு கிடந்தது. உடைத்த வரமிளகாய், நறுக்கிய பார்ஸ்லி. எண்ணெய் தட்டில் தனியாக ஓடவில்லை, ஒவ்வோர் இழையிலும் பளபளவென்று பூசியிருந்தது. பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் ஊற்றிக் குலுக்குவதால், அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறதாம். நண்பன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான். "டேய், இது நம்ம அத்தோடா!"

உண்மைதான். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோவைப் பீச் ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் நின்று சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நூடுல்ஸில் பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து கொடுப்பார்கள். புளிப்பையும் வெங்காயத்தையும் எடுத்துவிட்டால் வாயில் நிற்பது இதே பூண்டும் எண்ணெயும் மிளகாயும்தான். அவன் இன்னும் கொஞ்சம் மிளகாய் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டான். சீஸ் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றான். கடல் உணவு பாஸ்தாவில் இத்தாலியர்களும் பொதுவாக சீஸ் போடுவதில்லை, மீன் ருசியை அது அமுக்கிவிடும். அவன் நாக்கே அதைச் சொல்லிவிட்டது.

அதற்குள் வியாசர்பாடிப் பையன் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தான். இரண்டு பேரும் கடம்பா பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நல்ல சூட்டில் இரண்டு நிமிஷம், இல்லாவிட்டால் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம், நடுவில் எப்போது இறக்கினாலும் ரப்பர் என்றான் பையன். "எங்க வூட்ல குழம்புல போட்டு ரொம்ப நேரம் வுட்டுடுவாங்க. பஞ்சு மாதிரி ஆயிடும். ரெண்டு நிமிஷம் செஞ்சு பார்த்ததில்ல" என்றான் நண்பன். பேச்சுவாக்கில் பையன், சீசர் சாலட் சாஸில் நெத்திலி உண்டு என்று சொன்னான். சௌகார்பேட்டைக்காரன் சட்டென்று நிமிர்ந்தான். வெறும் கீரையும் ரொட்டித் துண்டும் என்று நினைத்து போன வருஷம் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லப் போனான். காசிமேட்டுக்காரனுக்கோ ஒரே சந்தோஷம். நம் நெத்திலி வெயிலில் காய்ந்து கருவாடாகிறது, அங்கே அதன் சொந்தக்கார மீன் உப்பில் மாதக்கணக்கில் ஊறி எண்ணெயில் போகிறது. "நம்மள மாதிரி கருவாட்டுக்காரங்கதான்டா அவங்களும்" என்று இரண்டு தடவை சொன்னான்.

ஒரு சின்னச் சறுக்கலும் உண்டு. வாத்தியார் காளான் ரிசோட்டோ சொல்லியிருந்தான். இருபது நிமிஷம் ஆகும் என்று முன்னாலேயே சொன்னார்கள். கொதிக்கும் சாறைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருந்தால்தான் அந்தக் குட்டை அரிசியின் மாவுச்சத்து இறங்கிக் குழைவு வரும். வந்ததைச் சாப்பிட்டுவிட்டு, "அரிசி வேகல, திருப்பி அனுப்பு" என்றான். பார்ப்பதற்குக் குழைந்த பொங்கல் மாதிரி இருக்கிறது, பல்லில் ஒரு கடி நிற்கிறது. குழைந்த பொங்கலுக்குப் பழகிய வாய்க்கு அது வேகாததாகத்தான் தெரியும். பாஸ்தாவும் ரிசோட்டோவும் அப்படிக் கடி நிற்கும் பதத்தில் இருப்பதுதான் அவர்களுக்கு நல்ல பதம், அதன் பெயர் அல் தென்தே. பையன் முகம் சுளிக்காமல் இன்னும் மூன்று நிமிஷம் வேகவைத்துக் கொண்டுவந்தான். வாத்தியார் அதை வழித்துச் சாப்பிட்டான். நமக்குப் பிடித்த பதத்தைச் சொல்லி வாங்குவதில் தப்பே இல்லை, ஆனால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் நான்கு பேருக்கு ஒரு திராமிசு. அதில் முட்டை உண்டு என்பதால் சௌகார்பேட்டைக்காரனுக்கு எலுமிச்சை சோர்பே, பாலும் முட்டையும் இல்லாமல் உறைய வைத்தது.

பில் வந்தது. சாப்பாடு 3,600, ஜிஎஸ்டி 5 சதவீதம் 180, மொத்தம் 3,780. போன வருஷப் பில்லை வாத்தியார் பத்திரமாக வைத்திருந்தான். அதில் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் கேட்காமலே சேர்த்திருந்தார்கள், அன்றைக்கு எங்களில் யாரும் படித்துப் பார்க்கவில்லை. உணவகங்கள் அதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. எடுக்கச் சொல்லலாம். எடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். இங்கே அப்படி எதுவும் இல்லை. நாங்களாகவே 300 ரூபாய் வைத்தோம், சமையல்கட்டுக்கும் சேர்த்து என்று சொல்லி.

மீதி 5,920 ரூபாய். வாத்தியார் பிரித்துக் கொடுக்கப் பார்த்தான். "வெச்சுக்கோ வாத்தியாரே, அடுத்த தடைக்காலத்துக்கு ஆவும்" என்றான் காசிமேட்டுக்காரன்.

ஜூன் மூன்றாவது வாரம் காலை ஆறு மணிக்கு அவனிடமிருந்து போன். பின்னால் துறைமுகத்து ஏலச் சத்தம்.

"மச்சான், நல்ல கடம்பா வந்திருக்கு. அந்தத் தம்பி எத்தினி நிமிஷம் சொன்னான்?"

"ரெண்டு."

"ரெண்டேவா?"

"ரெண்டே. எண்ணெய் நல்லா சூடானப்புறம் போடு."

மதியம் மறுபடியும் போன் வந்தது, இந்த முறை வீட்டிலிருந்து. பூண்டை நசுக்க வேண்டுமா, சீவ வேண்டுமா என்று அவன் மனைவி பின்னால் கேட்பது காதில் விழுந்தது. சீவச் சொன்னேன்.